செம்பொறை மண்ணில் தேமோரும் பஞ்சகவ்யமும்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியின் செம்பொறை (லேட்டரைட்) மண்ணில் ஈரம் நிற்பதில்லை. கண்மாய் நிறைவதும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தது. இந்த நிலத்தில் கத்தரி, நிலக்கடலை, நெல் ஆகியவற்றுக்குத் தேங்காயும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர் கரைசலையும், பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த பஞ்சகவ்யத்தையும் பல ஆண்டுகளாகத் தெளித்து வருகிறேன். இவற்றை உரத்துக்கு மாற்றாக எண்ணாமல், பயிர் தானே சுரக்கும் ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளுக்குத் துணையாகக் கொண்டு, பருவம் பார்த்துக் கொடுத்தால் பலன் உண்டு என்பது என் மதிப்பீடு.

அதிகப் பலன் கண்டது கத்தரியில்தான். பூக்காம்பில் ஆக்சின் குறையாமல் ஓடும்வரை, பூவைக் காம்பிலிருந்து பிரித்துவிடும் உதிர்வு அடுக்கு உருவாவதில்லை. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேரும்போது உதிர்வைத் தூண்டும் எத்திலீன் என்ற வாயு செடியில் கூடிப் பூ கொட்டுகிறது. மொட்டு கட்டத் தொடங்கியதும் தேமோர் தெளித்தால் உதிர்வு கண்கூடாகக் குறைகிறது. ஆனால் உதிரும் பூ எல்லாம் ஊக்கி இல்லாமல் உதிர்வதில்லை. விரிந்த பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிலவற்றில் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் உள்ளேயே குட்டையாக ஒடுங்கியிருக்கும். குட்டையான பூக்கள் பெரும்பாலும் காயாவதில்லை. அவையே மிகுந்திருக்கும் செடிக்கு நான் தெளிப்பைக் கூட்டாமல் தொழுவுரமும் தண்ணீரும் கொடுக்கிறேன்.

என் செய்முறையில், 5 லிட்டர் புளித்த மோருடன், உடைத்த தேங்காய்களின் தண்ணீரும் பாலுமாக 5 லிட்டர் சேர்த்து ஒரு வாரம் மூடி வைக்கிறேன். தெளிக்கும்போது 10 லிட்டர் டேங்குக்கு 500 மில்லி. துணியில் இருமுறை வடிகட்டாவிட்டால் தேங்காய்ப் பிசிறு நாசிலை அடைத்துவிடும். தேங்காய்த் தண்ணீரின் ஆற்றல் ஆய்வகத்திலும் தெரிந்த ஒன்று: 1941-இல் தாவர ஆய்வாளர் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தைக் கருக்களை அதன் துணையுடன் வளர்த்துக் காட்டினார்கள், சைட்டோகைனின் வகைப் பொருள்கள் அதில் இருப்பது பின்னர் உறுதியானது. தேங்காய் விலை ஏறும் ஆண்டில் மட்டும் எங்கள் வீட்டு அடுப்படியில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பும். செட்டிநாட்டுச் சமையலுக்குப் போகவேண்டிய தேங்காய் அல்லவா!

நிலக்கடலையில் அனுபவம் வேறு. பூக்கும் தருணத்தில் தெளித்தால் செடி பசுமையாக நின்று, பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுதும் நன்றாக இறங்குகிறது. ஆனால் காய் திரளத் தேவையான சுண்ணாம்புச் சத்தை அந்தக் காயே மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதால், ஹெக்டேருக்கு 400 கிலோ என்ற பரிந்துரைப்படி ஜிப்சம் இட்டு மண் அணைக்காத இடத்தில் எந்தக் கரைசலாலும் பொக்குக் காயைத் தவிர்க்க முடியவில்லை. மண் காய்ந்து கிடக்கும்போது தெளித்ததும் வீணே.

நெல்லுக்கு 3 சதவீதப் பஞ்சகவ்யத்தில் நாற்றின் வேரை இருபது நிமிடம் நனைத்து நடுகிறேன். பச்சை பிடிப்பது விரைவாகிறது. விளைச்சலில் அதன் பங்கைத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. கதிர் பூக்கும் நாள்களில் முற்பகலில் எதையும் தெளிப்பதில்லை, ஏனெனில் மகரந்தச் சேர்க்கை நடப்பது அந்த நேரத்தில்தான்.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பது பொய்க் கணக்கு. சிறு அளவில் வேரைத் தூண்டும் ஆக்சின், மிகும்போது வேரின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நெல் வயலில் அகன்ற இலைக் களையைக் கொல்லும் 2,4-டி மருந்தே செயற்கை ஆக்சின்தான். அதை அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் கத்தரிக்குப் பயன்படுத்தினால், எஞ்சிய சிறு துளியே குருத்திலையைச் சுருட்டிவிடும். ஆகவே ஊக்கிகளுக்குத் தனித் தெளிப்பான் வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கிய ஒரு ‘ஹார்மோன் டானிக்’ போத்தலில் உள்ளடக்கமே அச்சிடப்படவில்லை. தெளித்தும் மாற்றம் காணவில்லை. இத்தகைய உயிர்த்தூண்டிகள் (பயோஸ்டிமுலன்ட்) 2021-இல் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டதால், இப்போது உள்ளடக்கமும் அளவும் தெளிவாக இல்லாத போத்தலை நான் வாங்குவதில்லை.