கம்பெனி சிஎன்ஜியா, வெளியே மாட்டும் கிட்டா? வாரண்டிக் கணக்கு

பக்கத்து வீட்டு அண்ணன் பெட்ரோல் கார் வாங்கிய எட்டாவது மாதமே வெளிக்கடையில் சிஎன்ஜி கிட் (வண்டியைக் கேஸில் ஓட வைக்கும் கருவி) மாட்டினார். கொஞ்ச நாளில் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. சர்வீஸ் அட்வைசர் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயரில் கறுப்பு டேப் சுற்றியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். “வயரிங்ல கை வெச்சாச்சு சார், இன்ஜெக்டருக்கு க்ளெய்ம் போட முடியாது.” கிட் மாட்டிய கடையிலோ, “கிட் நல்லாத்தான் இருக்குண்ணே, இன்ஜெக்டர் கம்பெனியோடது.” கடைசியில் கைக்காசுதான்.

அந்த டேப்பில்தான் விஷயமே இருக்கிறது. வண்டி கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்காகக் கிட்டின் வயரை அந்த இணைப்பில் நுழைக்கிறார்கள். சீட் கவர் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே கை வைப்பதோ எரிபொருளிலும் மின்சாரத்திலும். ஏசிக்கும் பவர் விண்டோவுக்கும் வாரண்டி அப்படியே இருக்கலாம். இன்ஜின் பக்கம் ஏதாவது வந்தால், கிட்டால் வந்ததில்லை என்று வாதாடும் வேலை நம் தலையில்.

கம்பெனியே பொருத்தி வரும் வண்டியில் இந்த இழுபறி கிடையாது. மாருதியோ டாடாவோ, பெட்ரோல் காருக்கு உள்ள அதே 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டிதான் சிஎன்ஜிக்கும். கூடுதல் எடைக்கு ஏற்ற சஸ்பென்ஷனும் சேர்ந்தே வரும். ஆனால் ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய் அதிகம், பிடித்த வேரியண்டில் சிஎன்ஜி இல்லாமலும் போகும். டிக்கி சிலிண்டருக்கே சரி. டாடா, ஹூண்டாய் போன்ற சில கம்பெனிகள் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் படுக்க வைத்து, பெட்டி வைக்க இடம் விட்டிருக்கின்றன.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று 2025-இல் வந்தது. ரெனோ, நிஸான் ஷோரூம்கள் மூலமாகவே அரசு அனுமதி பெற்ற கிட்டைப் பொருத்திக்கொள்ளலாம். நிஸான் மேக்னைட்டுக்கு அப்போது 74,999 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஷோரூமில் பணம் கட்டுவதால் எல்லாம் நிஸான் பொறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டுக்கு 3 ஆண்டு வாரண்டி தருவது அதைச் செய்யும் மோட்டோசென் என்ற வேறு நிறுவனம். இங்கும் கார் கம்பெனி, கிட் கம்பெனி என்று இரண்டு கைகள்தான். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தெரிந்த கைகள். வெளிக்கடையைவிட இது எவ்வளவோ மேல்.

காகித வேலையும் உண்டு. பிஎஸ்-6 (இப்போதைய புகை விதிமுறை) வண்டிகளில் வெளியே கிட் மாட்ட மத்திய அரசு அனுமதித்ததே 2022 ஆகஸ்டில்தான். மாட்டியதும் ஆர்சியில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸிலும் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விபத்து நடந்தால் க்ளெய்ம் சிக்கிக்கொள்ளும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் இருக்கிறது.

புது வண்டி என்றால் நான் கம்பெனி சிஎன்ஜிதான் எடுப்பேன்; கேட்ட வேரியண்ட் இல்லையென்றாலும் பரவாயில்லை. வாரண்டி முடிந்த பழைய கார் என்றால் கதை வேறு, இழக்க எதுவுமில்லை. அப்போது அனுமதி பெற்ற கிட்டாகப் பார்த்து, வயரை வெட்டாமல் கப்ளரில் (செருகும் இணைப்பில்) இணைக்கும் கடையில் தாராளமாக மாட்டலாம். அண்ணனும் வாரண்டி முடியும்வரை பொறுத்திருக்கலாம்.