ஹாலிவுட் ரோட்டில் வாங்கிய டிங்: கால் பழசு, பாத்திரம் புதுசு

ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டில் சீன வெண்கலப் பழம்பொருள் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏமாந்த விதத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு சாண் உயர டிங் ஒன்றை வாங்கினேன். டிங் என்பது மூவாயிரம் வருடத்துக்கு முன் சீனாவை ஆண்ட ஷாங் அரச மரபின் காலத்தில் முன்னோருக்குப் படையல் வைத்த, மூன்று கால் கொண்ட பாத்திரம். சீனாவின் ஆன்யாங்கில் 1976-ல் தோண்டிய ஃபூ ஹாவ் என்ற ஷாங் அரசியின் கல்லறைப் பாத்திரங்களைப் படத்தில் பார்த்த நாள் முதல் எனக்கு அதன்மேல் ஆசை. "மூவாயிரம் வருடப் பொருள், சோதனைச் சான்றிதழே இருக்கிறது" என்று கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். வெப்ப ஒளிர்வுச் சோதனை. நம்பி 38,000 ஹாங்காங் டாலர் கொடுத்தேன்.

அந்தச் சான்றிதழ் போலி அல்ல என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சோதனை உலோகத்தின் வயதைச் சொல்லாது. வார்த்தபோது காலுக்குள் தங்கிவிட்ட களிமண் கடைசியாக எப்போது சூடேறியது என்று மட்டும் சொல்லும். மாதிரி எடுத்தது ஒரே ஒரு காலில். அந்தக் கால் பழையதுதான்.

உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். காலும் வயிறும் சேரும் இடத்தில் பற்றவைத்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. ஷாங் காலத்தில் நமக்குப் பழக்கமான மெழுகு முறையில் வார்க்கவில்லை. களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து, சேர்த்துக் கட்டி, உருக்கிய வெண்கலத்தை ஊற்றினார்கள். உள் அச்சும் வெளி அச்சும் ஒட்டாமலிருக்கப் பெரும்பாலும் நடுவில் சின்ன வெண்கலச் சில்லுகளை வைப்பார்கள். அவை எக்ஸ்ரேயில் தெரியும், அச்சுகள் சேர்ந்த கோடும் எங்காவது மிச்சமிருக்கும். என் பாத்திரத்தில் இரண்டும் இல்லை. அப்புறம் உலோகம். அன்றைய வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தது. இதில் துத்தநாகம் நிறைய இருந்தது. பச்சைக் களிம்போ, அசிட்டோன் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. நிஜக் களிம்பு உலோகத்தையே தின்று வளர்ந்திருக்கும், அப்படித் துடைத்தால் வராது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "தாளில் பொய் ஏதும் இல்லையே" என்றார். மாதிரி எடுத்த இடம் ஒரு வரியில் இருந்தது உண்மைதான், நான் படிக்கவில்லை. பணம் வரவில்லை.

வாங்குவதாக இருந்தால், எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். வயிறு, கால், கைப்பிடி எல்லாம் தெரிகிற எக்ஸ்ரே கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொருள் யார் கையிலிருந்து, எந்த வருடம் வந்தது என்ற ஆவணத்தையும் கேளுங்கள். சீனாவில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். ஆவணம் இல்லாத நிஜப் பாத்திரம் என்றால் அது கல்லறைத் திருட்டாக இருக்கலாம். நான் அதைக் கேட்கவே இல்லை. என் வீட்டில் இருக்கும் அந்தப் பழைய கால் எந்தப் பாத்திரத்தில், யாருடைய கல்லறையில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.