சுவரில் மாட்டிய சான்றிதழ்களை நம்பி மகளை விட்ட காப்பகம்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

கோவையில், இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைக் காலை எட்டரை மணி தொடங்கி மாலை ஆறரை மணி வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒரு தனியார் காப்பகத்தில் எங்கள் மகளைச் சேர்த்து, நான்கு மாதம் கழித்து வெளியே அழைத்து வந்தோம். கட்டிய பணத்தின் ஒரு பகுதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் அந்த இடத்தின் பெயரையோ தெருவையோ இங்கே எழுதவில்லை. பெயர் இல்லாமலும் இதைப் படிப்பவர்களுக்குப் பயன் இருக்கும்; நான் ஏமாந்த விதம் அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதல்ல.

மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. என் மனைவி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறார். நான் பம்பு தயாரிக்கும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதுவரை பேத்தியைப் பார்த்துக்கொண்ட என் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டதால் 2025 ஜூன் மாதம் காப்பகம் தேடத் தொடங்கினோம். அந்த ஆண்டு ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இறந்ததும், ஏப்ரல் 29 அன்று மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் நான்கு வயதுக் குழந்தை இறந்ததும் எங்கள் மனத்தை விட்டு அகலாத நேரம் அது. ஆகவே நான் அங்கே போனதும் முதலில் கேட்டது தொட்டியைப் பற்றித்தான். உரிமையாளர் சற்றும் தயங்காமல் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய், கான்கிரீட் மூடி போட்டு அதன்மேல் இரும்புச் சட்டமும் பூட்டும் வைத்திருந்த சம்ப்பைக் காட்டினார். எனக்கு முன்னால் வந்த பெற்றோர் அனைவரும் அதையே கேட்டிருக்க வேண்டும். பதில் அத்தனை பழகிய பதிலாக இருந்தது. கடைசியாக நடந்த விபத்தின் ஓட்டையை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வரவேற்பு அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டமிட்ட நான்கு சான்றிதழ்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. வாசல் பலகையில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தது. அலுவலகத்தில் ஒரு வவுச்சரில் தேதி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புகிற நான், அந்த நான்கு காகிதங்களையும் கைப்பேசியில் படம் பிடித்ததோடு சரி, ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. முன்பணம் 15,000 ரூபாயும் ஆறு மாதக் கட்டணம் 42,000 ரூபாயும் அன்றே கட்டினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தப் பக்கம் வங்கியில் இருந்த வேலை சீக்கிரம் முடிந்ததால், மகளை முன்னதாகவே அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று பிற்பகல் 2.40 மணிக்கு அங்கே போனேன். அது குடியிருப்புத் தெருவில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. கீழ்த்தள அலுவலகம் சாத்தியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த மடக்கு இரும்புக் கதவில், எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகாத புதுப் பித்தளைப் பூட்டு வெளிப்பக்கமாகத் தொங்கியது. மணியை அழுத்தினேன். சிறிது நேரம் கழித்து, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஆயா படியில் பாதி வரை இறங்கி வந்தார்.

“சாவி மேடம்கிட்ட இருக்குதுங்க. வெளிய போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க.”

மேலே எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். “இருபத்தாறுங்க” என்றார். ஆசிரியை யாரும் இல்லையா என்றால், ஒருவர் விடுப்பு, இன்னொருவர் ஒரு மணிக்கே கிளம்பிவிடுவார் என்றார். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளையும் அங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கும் வாசனை வந்தது. கம்பிகளுக்கு ஊடே குனிந்து பார்த்தேன். படிக்கட்டின் அடியில், பூட்டிய கதவுக்கு உட்புறம், ஒரு எரிவாயு உருளையும் ஒற்றை அடுப்பும் இருந்தன; அடுப்பின்மேல் மாலை நேரத்துக்கான பால் கொதித்துக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து இறங்க இருந்த ஒரே வழி அந்தப் படிதான். ஆயா ஓடிவந்து அடுப்பை அணைத்தார். சத்தம் கேட்டு எழுந்துவந்த என் மகள் மேல்படியில் நின்று “அப்பா” என்று கூப்பிட, அவள் இறங்கி உருண்டுவிடாதபடி இன்னொரு கையால் அவளைப் பிடித்துக்கொள்ள அந்தப் பெண்மணி பட்ட பாட்டை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று, சத்துணவுச் சமையல் நடந்த கூரையில் பிடித்த தீ, வகுப்பறைக் கூரைகளுக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குறுகிய படிக்கட்டு வழியாகப் பிள்ளைகள் இறங்க முடியாமல் போனதைப் பற்றி வாரக்கணக்கில் செய்தித்தாள்களில் படித்திருக்கிறேன். அந்தக் கம்பிக் கதவின் முன் நின்ற 35 நிமிடங்களில் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

உரிமையாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டிச் சாவியோடு கோத்திருந்த கொத்திலிருந்தே பூட்டைத் திறந்தார். “பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தான் சார் பூட்டறது. தெருவுக்கு ஓடிரக்கூடாதில்லீங்களா?” என்றார். ஓடக்கூடாதுதான். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் உட்புறத் தாழ்ப்பாள் ஒன்று வைத்தாலே அதற்குப் போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை. படியேறும்போது சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைப் பார்த்தேன். அழுத்தமானியின் முள் சிவப்புப் பகுதியில் படுத்திருந்தது. அட்டையில் கடைசியாக நிரப்பியதாக எழுதியிருந்த ஆண்டு 2019.

அன்று இரவு ஜூன் மாதம் எடுத்த படத்தைப் பெரிதாக்கி நான்கு காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். முதலாவது, உத்யம் பதிவுச் சான்று. சிறு, குறு தொழில் செய்பவர் யாரும் தாமே இணையத்தில் விவரம் நிரப்பி, கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய காகிதம் அது. அதற்காக எந்த அதிகாரியும் கட்டடத்தைப் பார்க்க வருவதில்லை. அசோகச் சின்னம் இருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அரசு அனுமதி போலத் தெரியும். இரண்டாவது, ஒரு தனியார் நிறுவனம் வழங்கிய ஐ.எஸ்.ஓ. சான்று, அதன் காலம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. மூன்றாவது, பெயரைப் பயன்படுத்திக்கொள்ளத் தலைமை நிறுவனம் தந்த கிளை உரிமைக் கடிதம். நான்காவது, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவுச் சான்று. அதிலிருந்த முகவரி வேறு ஊரினுடையது.

இருந்திருக்க வேண்டியவை வேறு. தமிழ்நாட்டில் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்றே (பிளே ஸ்கூல்) 2015-ஆம் ஆண்டு தனி ஒழுங்குமுறை விதிகள் வந்துவிட்டன. நடத்த விரும்புபவர் கல்வித் துறையிடம் அனுமதி பெற வேண்டும். பள்ளியென்று ஒன்றை நடத்தக் கட்டட உறுதிச் சான்று, 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் வழங்கும் ‘டி’ படிவ உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறை, மூன்று வயதைத் தாண்டிய 20 குழந்தைகளுக்கே ஒரு ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. இங்கே 26 குழந்தைகளுக்கு ஓர் ஆயா, அதிலும் இடுப்பில் ஒன்று. (மீட்டர் பெட்டியில் செருகியிருந்த மின் அட்டையில்கூட வீட்டு உபயோகக் கட்டணம்தான் குறிக்கப்பட்டிருந்தது, இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தையும் விட்டுவைக்கவில்லை.)

மறுநாள் மகளை அனுப்பவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பூட்டின் படத்தைப் போட்டு, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பத்து நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். சில பெற்றோர் தனியே அழைத்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவர், “உண்மைதாங்க, ஆனா இதை விட்டா ஆறரை வரைக்கும் யாருங்க வெச்சுக்கறாங்க?” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வேலைக்குப் போகும் இருவர் உள்ள வீட்டில் அந்த ஆறரை மணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்தே இப்படிப்பட்ட இடங்கள் நடக்கின்றன.

பிறகு அலுவலகங்களுக்கு அலைந்தேன். கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் பிரிவில், “இது டே கேர் மாதிரி தெரியுதுங்க, எங்க லிமிட்ல வருமான்னு பார்க்கணும்” என்றார்கள். சமூக நலத் துறையில், பாடம் நடத்துகிறார்கள் என்றால் அது பள்ளி, கல்வித் துறைக்குப் போங்கள் என்றார்கள். வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கல்வி அலுவலகத்துக்கும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், தீயணைப்புத் துறைக்கும் தனித்தனி மனு அனுப்பினேன். முப்பது நாள் கெடுவுக்குள் மூன்றும் பதில் அளித்தன. அந்த முகவரியில் எந்தப் பள்ளிக்கும் அனுமதியோ உரிமமோ தடையின்மைச் சான்றோ வழங்கியதற்கான ஆவணம் இல்லை என்பதே மூன்றிலும் இருந்த செய்தி.

அந்தப் பதில்களை இணைத்து 1100 என்ற முதல்வர் உதவி எண் வழியாகப் புகார் பதிந்த பிறகே ஆய்வு நடந்தது. அதற்கு முந்தைய நாள் மாலை, பூச்சி மருந்து அடிக்கும் பணி இருப்பதால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நாளை விடுமுறை என்று குழுவில் அறிவிப்பு வந்ததாக ஒரு தாயார் எனக்கு அனுப்பிவைத்தார். ஆய்வுத் தேதி எப்படித் தெரிந்தது என்று நான் ஊகித்து எழுதப்போவதில்லை. அதிகாரிகள் போனபோது பதினோரு குழந்தைகள், மூன்று ஆசிரியைகள், பச்சைப் பகுதியில் முள் நிற்கும் புதுத் தீயணைப்பான் ஆகியவற்றைக் கண்டார்கள். அடுப்பு இல்லை. பூட்டும் இல்லை. அனுமதி பெற விண்ணப்பிக்குமாறு அறிவிப்பு கொடுத்துத் திரும்பினார்கள். ஒரு வாரத்தில் வாசல் பலகையிலிருந்த ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற வரியின்மேல் மஞ்சள் பெயின்ட் ஏறியது. காப்பகம் இன்றும் நடக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு கோரிக்கை. சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, கல்வித் துறை அனுமதி ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள்; ‘டி’ படிவ உரிமத்தில் நீங்கள் நிற்கும் அதே கட்டடத்தின் முகவரி இருக்கிறதா, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று படியுங்கள். சேர்த்த பிறகும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள், குழந்தைகள் தூங்கும் பிற்பகல் நேரத்தில் போய்ப் பாருங்கள். பகல் பத்து மணிக்குப் பாட்டும் ஆட்டமுமாக எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். அவசரமாக ஆபத்து தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு. பணத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள். என் வழக்கு இன்றைக்கு நிற்பதே வங்கிப் பரிமாற்றப் பதிவினால்தான், ஏனெனில் அவர்கள் தந்த ரசீதில் முத்திரையும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

முன்பணத்தையும் மீதி இரண்டு மாதக் கட்டணத்தையும் திருப்பித் தர மறுத்ததால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. எதிர்தரப்பு தாக்கல் செய்த பதிலுரையில், தாங்கள் ஒரு கல்வி நிறுவனம் என்றும், கல்வி வழங்குவது நுகர்வோர் சட்டப்படி சேவையாகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சில வழக்குகளில் அந்த வாதம் மேல்நிலையில் ஏற்கப்பட்டும் இருக்கிறது என்பதால் என் வழக்கறிஞர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆய்வுக்குப் பிறகு கல்வி அலுவலகம் அனுப்பிய அறிவிப்புக்கு இதே உரிமையாளர் கையெழுத்திட்டு அனுப்பிய விளக்கக் கடிதத்தில், ‘நாங்கள் பள்ளி நடத்தவில்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணி மட்டுமே செய்கிறோம், ஆகவே பள்ளிக்கான அனுமதி எங்களுக்குத் தேவையில்லை’ என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தின் சான்றிட்ட நகலைப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கி, சென்ற வாரம் ஆணையத்தில் தாக்கல் செய்திருக்கிறோம்.