வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு: கருங்கல் கட்டா, கம்பிக்கூடையா, மண் ஆணியா?

குலசேகரம், கீரிப்பாறை பக்கம் மேட்டை வெட்டி வீடு வைத்தவர்களுக்கு ஐப்பசி மழை வந்தாலே தூக்கம் போய்விடும். தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறி நனைக்கிற குமரி மாவட்டம் இது. 2021 நவம்பரில் இரணியல், குழித்துறை பக்கம் ரயில் பாதையிலேயே மண் சரிந்தது.

விவரமான பொறியாளர் முதலில் மேட்டின் உச்சிக்கு ஏறுவார். விரிசல் ஓடியிருக்கிறதா, ரப்பர் மரம் சாய்ந்திருக்கிறதா, அடியில் புதிதாக ஊற்று கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு துளை போட்டு மண் எடுத்து, ஊறிய நிலையில் அதன் வலுவைச் சோதித்து, பாதுகாப்புக் கெழுவை, அதாவது மேட்டைத் தாங்கும் பலம் சரிக்கும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பதை, கணக்கிடுவார். பொதுவாக 1.5 எதிர்பார்ப்பார்கள், 1-க்கு இறங்கினால் சரிய வேண்டியதுதான் பாக்கி.

நம்மூர்க் கொத்தனாருக்குக் கைவந்தது சிமெண்ட் வைத்த கருங்கல் கட்டு. பார்க்கத் திடமாக இருக்கும், ஆனால் தண்ணீரைத் தேக்கிவிடும். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்க நின்றால், மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் மட்டுமே சுமார் 4.5 டன் தள்ளும். தண்ணீர் வடிந்த மண்ணோ மூன்று டன்னுக்குள்தான் தள்ளும். தண்ணீர் வடிய சுவரில் பைப் வைத்திருக்கிறோமே என்பார்கள். பைப்புக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெட்டிய செம்மண்ணையே தள்ளி மூடினால், ரெண்டு மழையில் வாய் அடைத்துக்கொள்ளும். காசு மிச்சம் பிடிக்கிற இடமும் பெரும்பாலும் அந்த ஜல்லிதான்.

கம்பிக்கூடை (கேபியன்) என்பது கம்பி வலைக்குள் கல் நிரப்பி அடுக்குவது; அதில் கல்லுக்கு இடையிலேயே தண்ணீர் வழிந்துவிடும். அடிமண் கொஞ்சம் இறங்கினாலும் கூடை வளைந்து கொடுக்கும். மண் அரித்து வராமல் பின்னால் வடிதுணி விரிக்க வேண்டும். அடியில் அகலம் அதிகம் கேட்கும் என்பதுதான் சங்கடம். அஞ்சு சென்ட் மனையில் அடுக்களைச் சுவர் வரை வந்துவிடும். சாலையோரத்துக்கு என்றால் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

இடமே இல்லாத செங்குத்து வெட்டுக்கு மண் ஆணி. சற்றே கீழ்நோக்கித் துளையிட்டு, கம்பி செருகி, சிமெண்ட் பால் செலுத்துவார்கள். மண் வழுக்கிச் சரியக்கூடிய தளத்தைத் தாண்டி உள்ளே போனால்தான் பிடிக்கும். நடுவில் உருண்டைப் பாறை மாட்டினால் துளையிடுவது பெரும்பாடு, செலவும் ஏறும். ஆளைத் தெரிந்து கொடுக்க வேண்டிய வேலை.

வெட்டிவேர் மேல்மண் அரிப்பை அருமையாகத் தடுக்கும். ஆழத்தில் நகரும் சரிவை அது பிடிக்காது; அதை நட்டுவிட்டு உச்சியில் மழைநீரைத் திருப்பும் ஓடை வெட்டாமல் விட்டவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.