ஹவுசிங், டார்ஷன் பீம், மல்டி-லிங்க்: சென்னைக்கு எது?

காரின் பின்பக்க சஸ்பென்ஷனில் எது சென்னைச் சாலைக்குப் பொருந்தும்? ஒரகடத்தில் தயாரான ரெனோ டஸ்டரிலிருந்து தொடங்கலாம். ஒரே கார், இரண்டு விதமான பின்பக்கம். முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டஸ்டரில் பின்னால் டார்ஷன் பீம் இருந்தது. 2014-இல் வந்த ஆல்-வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இயங்கும்) டஸ்டரில் மல்டி-லிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல கம்பிகள் தனித்தனியாகப் பிடிக்கும் அமைப்பு. இது சொகுசுக்காகச் செய்த மாற்றம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் இடம். டார்ஷன் பீம் என்பது இரண்டு பின்சக்கரங்களின் கைகளையும் குறுக்காக இணைக்கும் எஃகு உத்தரம். பின்சக்கரங்களும் தள்ள வேண்டுமென்றால் நடுவில் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வேண்டும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் போக வேண்டும். உத்தரம் குறுக்கே இருந்தால் அதற்கெல்லாம் வழி கிடைப்பது கஷ்டம். ஆல்-வீல் டிரைவில் டிக்கி சுருங்கியதற்கும் இதே இட நெருக்கடிதான் காரணம்.

அதனால் எந்தச் சக்கரம் காரை நகர்த்துகிறது என்று முதலில் பாருங்கள். பின்பக்க சஸ்பென்ஷனின் பாதி கதை அதிலேயே முடிவாகிவிடுகிறது. குலுக்கலைக் குறைப்பது சஸ்பென்ஷனின் ஒரு வேலை மட்டுமே. டயரைத் தரையோடு அழுத்தி வைக்க வேண்டும், திருப்பத்தில் சக்கரம் திசை மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சுமையைத் தாங்க வேண்டும். பின்சக்கரம் தள்ளும் வண்டியில், அந்தத் தள்ளுவிசையும் இந்த சஸ்பென்ஷன் வழியாகத்தான் பாடிக்குப் போய்ச் சேர்கிறது.

அம்பாசடர் காலத்து ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் முன்னால், சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அடியில், டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களான கிரவுனும் பினியனும் பின்னால் ஹவுசிங் என்ற இரும்புக் கூட்டுக்குள். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஆக்ஸிலும் அந்த ஹவுசிங்தான். அதைத் தாங்க பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். முரட்டு உறுதி, எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார். குறை எடைதான். டிஃபரன்ஷியலும் சேர்ந்து அத்தனை இரும்பும் சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரமும் சாய்கிறது.

இந்த ஏற்பாட்டை விட்டு விலகிப் பார்த்த கார் ஒன்று நம் ஊரிலேயே தயாரானது. 1961-இல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில், பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் ஸ்விங் ஆக்ஸில். ஆனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் கூடவே மாறிக்கொண்டிருக்கும். 1972-இல் அதே நிறுவனம் கெஸல் காரைக் கொண்டுவந்தபோது அதை எடுத்துவிட்டு, பழையபடி ஒரே ஆக்ஸிலுக்குத் திரும்பியது. தனித்தனியாக அசைந்தாலே நல்லது என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் காரைத்தான் காட்டுவேன். எப்படி அசைகிறது என்பதும் முக்கியம்.

இன்று இந்த ஒப்பீட்டை நேருக்கு நேர் பார்க்க இன்னோவாவே போதும். கிரிஸ்டாவில் பாடிக்கு அடியில் தனிச் சட்டமாக சேஸி, பின்சக்கர டிரைவ், காயில் ஸ்பிரிங்கோடு நான்கு லிங்க் (கம்பி) பிடித்த ஹவுசிங் ஆக்ஸில். 2022-இல் அறிமுகமான ஹைக்ராஸில் தனி சேஸி இல்லை, முன்சக்கர டிரைவ், பின்னால் டார்ஷன் பீம். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறித் திருமலை மலைப்பாதையில் போகும்போது எடை பின்னால் சாயும். பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு அந்த எடையே பிடிமானம். முன்சக்கர வண்டிக்கு அங்கே முன்பக்கம் கொஞ்சம் லேசாகிவிடும். ஆனால் வருடம் முழுக்க ஓஎம்ஆரிலும் ஜிஎஸ்டி சாலையிலும் ஓடுகிற வண்டிக்கு அந்த ஒரு மலைக்காக ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் சுமக்க வேண்டுமா? குடும்ப வண்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. தினமும் முழுச் சுமையோடு வெளியூர் போகிற டாக்ஸிக்காரர் கிரிஸ்டாவை எடுப்பதில் நியாயம் உண்டு.

மழைக்காலம் இன்னொரு கணக்கு. வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும்போது சூடான ஹவுசிங் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் வெளுத்துப் பால் நிறமாகும். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் கிரவுனும் கெட்டு, பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வரும். டார்ஷன் பீமில் ஆயில் ஊற்றும் வேலையே இல்லை. முன்சக்கர டிரைவில் கவனிக்க வேண்டியது டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட். அது கிழிந்தால் மணலும் தண்ணீரும் ஜாயின்டைத் தின்றுவிடும்.

சரி, மல்டி-லிங்க்? எக்ஸ்யூவி700-இல் இருக்கிறது, ஹூண்டாய் டூசானில் இருக்கிறது. டார்ஷன் பீமைப் பாடியோடு இணைப்பவை இரண்டே இரண்டு பெரிய ரப்பர் புஷ்கள், முன்பின் அதிர்ச்சியையும் பக்கவாட்டு இழுப்பையும் அவையே தாங்க வேண்டும். மென்மையாக வைத்தால் திருப்பத்தில் பின்பக்கம் நெளியும், கெட்டியாக வைத்தால் பள்ளத்தில் குத்தும். மல்டி-லிங்க்கில் அந்த வேலைகளைப் பிரித்துக்கொள்ளலாம்: முன்பின் மென்மை, பக்கவாட்டில் விறைப்பு. ஈசிஆரில் வேகமாக ஒரு வளைவில் போகும்போது நடுவில் ஒட்டுப்போட்ட ரோடு வந்தாலும் கார் பதறாது. இந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கும் வேகத்தடையில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தானே ஏறுகின்றன? அங்கே பேசுவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். மெட்ரோ வேலை நடக்கும் சாலையில், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்திலோ தாழ்ந்த மேன்ஹோல் மூடியிலோ விழும்போதுதான் மல்டி-லிங்க் தன் அருமையைக் காட்டும். க்ரெட்டா அளவுள்ள காருக்கு நல்ல ஷாக்கோடு வரும் டார்ஷன் பீம் தாராளமாகப் போதும். பெரிய கார், நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் மல்டி-லிங்க்குக்குப் பணம் கொடுக்கலாம்.

பழைய காராக வாங்கினால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. மல்டி-லிங்க்கில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் புஷ் அல்லது ஜாயின்ட் உண்டு, எல்லாம் வயதாகும். பின் டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், போயிருக்கலாம். அப்புறம் காரை லிஃப்டில் ஏற்றி புஷ்களைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். டார்ஷன் பீம் காரில் அதே தேய்மானம் இருந்தால் பீம் வளைந்திருக்கலாம். பெரும்பாலான கார்களில் அதைத் திருகிச் சரிசெய்ய வழி இல்லை, பீமையே மாற்ற வேண்டி வரும்.