ஒரு சேணத்துக்காக நான்கு முறை படித்த நாவல்

முதுகு பிளந்து தாள் தாளாக உதிரத் தொடங்கியிருந்த 'ஃபோர்த் விங்' நாவலைச் சென்ற வாரம் பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வந்தேன். பசையால் மட்டும் ஒட்டப்பட்ட புத்தகம் என்பதால் மடிப்பு மடிப்பாகத் தைக்க வழியில்லை என்றும், ஓரத்தில் துளையிட்டுத் தைத்தால் தாள்கள் நிற்கும், ஆனால் முன்போல் அகல விரியாது என்றும் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே ஆகியிருக்கிறது, உள் ஓரத்து எழுத்துகளைப் படிக்க இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அன்று மாலையே, மூன்று பாகங்களும் சேர்ந்த தொகுப்பின் விலை குறைந்திருப்பதைப் பார்த்த கல்லூரித் தோழி தொலைபேசியில் அழைத்து, "மாயமந்திரக் கதை என்றாலே ஒதுங்கிப் போகிறவள் நீ. இதை மட்டும் எப்படி நாலு தடவை படித்தாய்? நான் வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன். டிராகன்கள், போர்க் கல்லூரி, பகைவர்களாகத் தொடங்கிக் காதலர்களாகும் இருவர் என்ற அளவில் கதை பலருக்கும் தெரிந்திருக்கும் என்பதால் அதை விரிக்கப் போவதில்லை.

கற்பனை உலகக் கதைகளிடமிருந்து நான் விலகி நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவற்றில் துன்பத்துக்கு விலை இருப்பதில்லை. கதாநாயகன் மீள முடியாத இடத்தில் மாட்டிக்கொள்ளும்போது அதுவரை நாம் கேள்விப்படாத ஒரு சக்தி எங்கிருந்தோ வந்து அவனைத் தூக்கிவிட்டால், அவன் பட்ட பாட்டையெல்லாம் நான் எதற்காக உடன்நின்று சுமந்தேன் என்ற ஏமாற்றம் எனக்கு வந்துவிடும். ஆகவே வரலாறு, தன்வரலாறு, பயணக் குறிப்பு என்று நடந்தவற்றையே படித்து வந்தேன். முதல் பக்கத்தில் இல்லாத நாட்டின் வரைபடம் இருந்தால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது என் வழக்கம்.

2023 டிசம்பரில், கொடியில் ஈரப் போர்வையை உதறிப் போடும்போது என் வலது தோள்மூட்டு விலகியது. சிறுவயது முதல் மூட்டுகள் தளர்வானவை என்பதால் இது எனக்கு முதல் முறையன்று. ஆனால் அந்த முறை மூன்று வாரங்கள் கையைக் கழுத்திலிருந்து கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருக்க வேண்டியதாயிற்று. துணைக்கு வந்து தங்கிய அக்கா மகள் ஊருக்குத் திரும்பும்போது தலைமாட்டில் இந்த நாவலை வைத்துவிட்டு, "சித்தி, வரைபடத்தைத் தாண்டி முப்பது பக்கம் மட்டும் படியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்நூறு பக்கத்துக்கு நெருங்கிய புத்தகத்தை இடது கையால் மட்டும் பிடித்துப் படிப்பது எளிதாக இல்லை. ஆயினும் முப்பதாம் பக்கத்தில் நான் நிற்கவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது டிராகன் அன்று, ஒரு காலணி. போர்க் கல்லூரியின் எழுத்தர் பிரிவில் சேர்வதற்காகத் தந்தையிடம் பயின்ற வயலட் சாரெங்கெயில் என்ற இருபது வயதுப் பெண், படைத்தலைவியான தாயின் கட்டளையால் டிராகன் வீரர்களின் பிரிவுக்குள் தள்ளப்படுகிறாள். உள்ளே நுழைவதற்கே, ஆழமான பள்ளத்துக்கு மேல் செல்லும் கைப்பிடியற்ற குறுகிய கற்பாலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும்; தவறி விழுந்தால் சாவு. வரிசையில் நிற்கும்போது, முன்பின் அறியாத ரியானன் என்ற பெண்ணின் காலணி அடிப்பாகம் வழவழப்பாக இருப்பதை வயலட் கவனிக்கிறாள். இருவரும் ஆளுக்கு ஒரு காலணியை மாற்றிக்கொள்கிறார்கள். இருவருக்குமே ஒரு காலாவது கல்லைப் பற்றிக்கொள்ளும். ஒரு கற்பனை உலகக் கதையின் முதல் முக்கியமான முடிவு காலணியின் பிடிமானத்தைப் பற்றியதாக இருந்ததைக் கண்டபோது, இந்த எழுத்தாளருக்கு உடம்பு என்றால் என்னவென்று தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த எண்ணம் பொய்க்கவில்லை. வயலட்டின் மூட்டுகள் எளிதில் நழுவுகின்றன, எலும்புகள் எளிதில் முறிகின்றன, தலை சுற்றுகிறது. பயிற்சிக்குப் போகுமுன் முழங்காலையும் மணிக்கட்டையும் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறாள். நாவலுக்குள் அந்த நிலைக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸ், தமக்கு எலர்ஸ்-டான்லோஸ் சின்ட்ரோம் இருப்பதையும் அதையே வயலட்டுக்குத் தந்திருப்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உடலின் இணைப்புத் திசுக்களைப் பாதிக்கும் பிறவிக் கோளாறுகளின் தொகுதி அது; அதன் பல வகைகளில் கொலாஜன் உருவாவதில் உள்ள குறையால் மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், சிறு அசைவிலும் விலகும். இந்த விவரத்தை நான் இரண்டாம் முறை படித்த பிறகுதான் அறிந்தேன். அறிந்ததும், முதல் வாசிப்பில் ஏன் அத்தனை இடங்களில் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது விளங்கியது. தோள் விலகும்போது கேட்கும் அந்தச் சத்தத்தை இவ்வளவு சரியாக எழுத வேறு எவராலும் இயலாது.

உடல் வலிமையால் வெல்ல முடியாதவள் என்ன செய்வாள் என்ற கேள்வியை யாரோஸ் நேர்மையாக எதிர்கொள்கிறார். ஒருவரோடு ஒருவர் மோதும் பயிற்சிப் போட்டிகளுக்கு முன்பாக எதிராளிக்கு மட்டும் செடிகளிலிருந்து எடுத்த நஞ்சைச் சிறிதளவு ஊட்டிவிட்டு வயலட் களத்தில் இறங்குகிறாள்; ஏற முடியாத தடையில் கத்தியைச் செருகி ஏறிவிட்டு, விதிநூலின் பிரிவைச் சொல்லி அது முறையானதே என்று வாதாடுகிறாள். அவளைக் காப்பாற்றுபவை எழுத்தராகப் படித்த படிப்பும், கூர்ந்து பார்க்கும் கண்ணும். இவை முன்பே நமக்குக் காட்டப்பட்டவை என்பதால், நான் அஞ்சிய அந்தத் திடீர்ச் சக்தி இங்கே குறுக்கிடவில்லை. பிற்பகுதியில் மாய ஆற்றலும் வருகிறது. ஆனால் அதற்குள் நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தேன்.

சேணத்துக்கு வருகிறேன். இந்த உலகில் மனிதர்கள் டிராகனைத் தேர்ந்தெடுப்பதில்லை. டிராகன்தான் மனிதரைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு சிறிய டிராகனைக் காக்க, வெல்ல வாய்ப்பே இல்லாத இடத்தில் வயலட் எழுந்து நிற்பதைக் கண்டு, நாட்டின் மிகப் பெரிய டிராகன்களில் ஒன்றான கருநிற டேர்ன் அவளைத் தேர்ந்தெடுக்கிறது. கதையின் உச்சம் இதுதான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதன் பிறகுதான் பிரச்சினையே தொடங்குகிறது, ஏனெனில் அவளால் டேர்னின் முதுகில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீரர்கள் தொடை வலிமையால் பற்றிக்கொண்டு பறப்பவர்கள். அவளோ விழுகிறாள், டேர்ன் பாய்ந்து பிடிக்கிறது, மறுபடியும் விழுகிறாள். பிறகு தன் ஆற்றலைச் செலவிட்டு அவளை முதுகிலேயே பிணைத்து வைத்துக்கொண்டு பறக்கிறது. தேர்வில் வென்றவள் தினமும் உள்ளுக்குள் தோற்றுக்கொண்டிருக்கிறாள். உடம்பு ஒத்துழைக்காதவர்கள் அனைவரும் அறிந்த நிலை இது: இடம் கிடைத்துவிடும், இருக்கை கிடைக்காது.

அப்போது, பகைவனாகத் தொடங்கிக் காதலனாகும் ஸேடன் ரையர்சன் அவளுக்காக ஒரு சேணத்தைச் செய்து கொண்டுவந்து தருகிறான். தொடைகளைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வார்களோடு கூடியது அது. வயலட்டின் தாய்தான் ஸேடனின் தந்தைக்கு மரண தண்டனையை நிறைவேற்றியவர். அவளை வெறுப்பதற்கு அந்தக் கல்லூரியிலேயே மற்ற எவரையும்விட அதிகக் காரணம் உள்ளவன் அவன். இன்னொரு பக்கம், அவளைச் சிறுவயது முதல் அறிந்த டெய்ன், அவள்மேல் உண்மையான அக்கறை உள்ளவன், சந்திக்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்கிறான்: நீ இங்கே செத்துவிடுவாய், எழுத்தர் பிரிவுக்குப் போய்விடு. என் வாழ்க்கையில் டெய்ன்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள், எல்லோரும் அன்பானவர்கள்தாம். மாடிப்படி வேண்டாம், பயணம் வேண்டாம், அந்த வேலை உனக்கு ஒத்துவராது என்று அவர்கள் சொன்னதெல்லாம் என்மேல் உள்ள அன்பினால்தான். சேணம் செய்து தந்தவர் என்று நினைத்துப் பார்த்தால், பள்ளியில் கரும்பலகை எழுதும் முறை எனக்கு வரும்போது உயரமான முக்காலி ஒன்றைக் கேட்காமலே கொண்டுவந்து போட்ட கணித ஆசிரியை ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். காதல் கதை என்று சொல்லப்படும் இந்த நாவலில் ஆடை களையும் காட்சிகள் பல இருக்கின்றன. எனக்கோ காதல் நிகழ்ந்தது இந்தச் சேணம் வரும் பக்கங்களில்தான். புத்தகத்தின் முதுகு பிளந்ததும் அதே பக்கங்களில்தான்.

டேர்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனதுக்கு மனம் பேசும் அந்த விலங்கு எரிந்து விழும், அதட்டும், பிறரை மதிக்காது. ஆனால் வயலட்டைக் குறித்து ஒரு போதும் பரிதாபப்படாது. அவளால் முடியாததை முடியாது என்றே எடுத்துக்கொண்டு அடுத்து என்ன என்று கேட்கும். தன்மானம் மிகுந்த அந்த உயிர் தன் முதுகில் சேணம் ஏற இசைவது எவ்வளவு பெரிய செயல் என்பதை நாவல் உரக்கச் சொல்வதில்லை, அதனாலேயே அது நெஞ்சில் நிற்கிறது.

வரலாறு படிப்பவர்களுக்கு இதில் வேறொரு விருந்தும் உண்டு. ஒவ்வோர் அதிகாரமும் அந்த நாட்டின் நூல்கள், கடிதங்கள், விதிநூல்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஒரு பகுதியோடு தொடங்குகிறது. மாபெரும் ஆவணக் காப்பகத்தில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லாமல் போயிருக்கிறது என்பதே துப்பாக அமைகிறது. அரசு தன் வரலாற்றை எப்படித் திருத்தி எழுதும் என்பதை ஒரு டிராகன் கதை இவ்வளவு தெளிவாகப் பேசும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு இரண்டாம் பாகமான 'ஐரன் ஃபிளேம்' என் பொறுமையைக் குலைத்தது. முதல் பாகம் வந்தது 2023 மே மாதம். இரண்டாவது அதே ஆண்டு நவம்பரிலேயே வந்துவிட்டது. அவசரம் தெரிகிறது என்று சொல்வது நியாயமாகுமா என்று தயங்குகிறேன், ஏனெனில் போர்க் காட்சிகளில் குறையேதுமில்லை. என் கோபமெல்லாம் ஒரே ஒரு சண்டையின்மீதுதான். ஸேடன் பெரிய உண்மை ஒன்றை மறைத்துவிட்டான் என்பது முதல் பாகத்தின் முடிவில் வயலட்டுக்குத் தெரிய வருகிறது. இனி எல்லாவற்றையும் சொல் என்கிறாள் அவள். நீ கேள், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் என்கிறான் அவன். எதைக் கேட்பது என்று தெரியாதவளிடம் கேள் என்று சொல்வது என்ன நியாயம் என்கிறாள் அவள். நல்ல வாதம். ஆனால் தத்தம் டிராகன்கள் இணை என்பதால் சில நாள்களுக்கு ஒருமுறை சந்தித்தே ஆக வேண்டிய இருவரும், ஒவ்வொரு சந்திப்பிலும் இதே வாதத்தை, ஏறத்தாழ இதே சொற்களில், பக்கம் பக்கமாக நடத்துகிறார்கள். வயலட்டும் தன் நெருங்கிய தோழியிடம் உண்மையை மறைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அதை அவள் உணரும் காட்சி ஒன்று உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த உணர்வு அவள் ஸேடனிடம் பேசும் பேச்சை மாற்றுவதில்லை. எதையும் கேட்காமலே சேணம் செய்து கொண்டுவந்தவன், கேட்டால்தான் சொல்வேன் என்று நிற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவனைப் படைத்தவரே அவனை மறந்துவிட்டார் என்று அன்று இரவு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். இப்போது படிக்கும்போதும் அதை அழிக்கத் தோன்றவில்லை.

2025 ஜனவரியில் வந்த 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 27 இலட்சம் படிகள் விற்றது. அந்தப் பரபரப்பில் நானும் ஒருத்தி. படித்து முடித்தபோது, பெயர்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டும் பாதிப் பேரை அடையாளம் காண இயலாமல் இருந்தேன். தீவு தீவாகப் போகும் பயணத்தில் வயலட்டின் மூட்டுகள் எனக்கு வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை. இந்த வருத்தம் என்னுடையது மட்டுமாக இருக்கலாம். மற்றவர்கள் வேறு காரணங்களுக்காகப் படிக்கிறார்கள்.

தோழிக்கு நடைமுறைச் செய்திகள் சில. அவள் மகளுக்குப் பதினான்கு வயது. புத்தகத்தின் அட்டையும் டிராகனும் இளையோருக்கான நாவல் போலத் தோற்றம் தரும், ஆனால் இது பெரியவர்களுக்கானது. உடலுறவுக் காட்சிகள் விரிவாக உள்ளன, சாவுகள் அதிகம், வசைச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றைய அமெரிக்க இளைஞர்களைப் போல் பேசுவது சிலருக்கு உறுத்தும். நாவலின் தொடக்கத்திலேயே, இது கதை நடக்கும் நாட்டின் நவாரிய மொழியிலிருந்து இன்றைய மொழிக்குப் பெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு ஒன்று இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டால் உறுத்தல் குறையும். ஐந்து பாகங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் என்பதால், மூன்றையும் வாங்கினாலும் கதை முடிந்துவிடாது.

ஆகவே தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முதல் பாகத்தை மட்டும் வாங்கு, அல்லது என்னிடம் வாங்கிப் படி. படித்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள். நான்காம் பாகம் வரும் நாளில் நான் கடைக்குப் போவேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. டேர்ன் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, அதன் முதுகில் அந்தச் சேணம் இன்னும் இருக்கிறதா என்று எனக்குப் பார்த்தாக வேண்டும். என் படியை எடுத்துப்போக வரும்போது ஒன்றை மட்டும் நினைவில் வை: புதுத் தையல் இறுக்கமானது, முழுவதும் விரித்துக் கவிழ்த்து வைக்காதே.