இரண்டு நாள் பயிற்சியில் ஒன்றரை மணி நேரம் மட்டும் உருப்படி

வடசென்னையில் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து மனு வாங்குகிற வேலை எனக்கு. போன மாதம் "பன்முகத்தன்மை, பண்பாட்டுப் புரிதல்" என்று இரண்டு நாள் பயிற்சிக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டு அனுப்பினார்கள். நடத்தியது ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், பெயர் வேண்டாம். ஏசி ஹால், ஒரு பை, ஒரு பேனா.

முதல் நாள் முழுக்க ஸ்லைடுதான். 2018இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் ஒன்றும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனதும், அப்புறம் அந்த நிறுவனம் 8,000க்கு மேற்பட்ட கடைகளை ஒரு மதியம் மூடி ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்ததும் முக்கால் மணி நேரம் ஓடியது. தெரிந்துகொள்ள வேண்டியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கவுண்டருக்கு வருகிறவர்கள் சௌகார்பேட்டை மார்வாடி, மண்ணடியிலிருந்து உருது பேசும் பாட்டி, காசிமேட்டு மீன்காரம்மா, பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் தங்கிவிட்ட குடும்பத்துப் பேரப்பிள்ளைகள், இப்போது பீகார், ஒடிசா பையன்கள். இவர்களுக்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை. சாதி என்ற சொல்லைப் பயிற்சியாளர் வாயிலிருந்து வாங்கவே முடியவில்லை, "பின்னணி", "பின்னணி" என்றே ஓட்டினார். முகவரியில் வியாசர்பாடி என்று பார்த்ததும் இன்டர்வியூவில் முகம் மாறுகிறதே, அதைப் பேசலாமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு டீ பிரேக் விட்டார்கள்.

சாப்பாடு இரண்டு நாளும் சைவம் மட்டும். பன்முகத்தன்மை வகுப்பில், காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தயிர் சாதம்!

இரண்டாம் நாள் காலை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு திருநங்கை வந்தார். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது, 2014இல் மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019இல் திருநர் உரிமைச் சட்டம், எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் முடித்தார். அடையாளச் சான்றுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்று 2020இல் வந்த விதிகளிலேயே எழுதியிருந்தார்கள் என்றபோது ஹாலில் பலருக்கு அது புதுச் செய்தி, எனக்கும்தான். அப்புறம் என்னை மனுதாரராக நிற்கச் சொல்லிவிட்டு அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆதாரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி ஆதாரைப் பார்த்தார், பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், பெயரைச் சத்தமாக வாசித்தார். நடிப்பு என்று தெரிந்தும் எனக்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் அது அப்படியே நான்தான். "பழைய பெயரைக் கூப்பிடாதீங்க, டோக்கன் நம்பரைக் கூப்பிடுங்க, அது போதும் சார்" என்றார். மொத்தப் பயிற்சியிலும் மறுநாளே செய்ய முடிந்த விஷயம் அது ஒன்றுதான், இப்போது எல்லோருக்குமே நம்பர்தான் கூப்பிடுகிறேன்.

பெரிய குறை வேறு. மனுவோடு வருகிறவர் முதலில் பார்ப்பது என்னை இல்லை, வாசலில் இருக்கும் செக்யூரிட்டியை. "இன்னாம்மா, எங்க போற?" என்று மறிப்பது அவர்தான். அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கான்ட்ராக்ட் பெண். நிரந்தர ஊழியர் இல்லை என்பதால் இரண்டு பேர் பெயரும் பயிற்சி ஆர்டரில் வரவில்லை. கருத்துப் படிவத்தில் இதை எழுத இடமே இல்லை, ஐந்து ஸ்டார் மட்டும்தான். பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுக்கு ஆர்டர் வந்தால் முதல் நாளுக்கு ஏதாவது ஒரு வார இதழ் எடுத்துப் போங்கள். இரண்டாம் நாள் காலையில் மட்டும் லேட்டாகப் போகாதீர்கள், முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.